சாயம் போற துணிக்கு ஆர்டர் குடுத்தாங்களா, நிஜமாவா?

கட்டம்போட்டசட்டை:
எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல சேர்ந்து ஆறு மாசம். கலர் ஃபாஸ்ட்னெஸ் டெஸ்ட்ல, அதாவது சாயம் போகுதான்னு பாக்குற டெஸ்ட்ல, அரை பாயின்ட் குறைஞ்சாலும் முழு லாட்டும் ரிஜெக்ட், பையர் மெயிலை தொறக்கவே பயமா இருக்கு. ஆனா எங்க சீனியர் டீ குடிக்கும்போது சொல்றார், அந்தக் காலத்துல அமெரிக்காக்காரன் சாயம் போகணும்னே கேட்டு மெட்ராஸ் துணி, நம்ம கட்டம் போட்ட கைத்தறித் துணி, வாங்குனானாம். கதை விடுறாரா?

பழையசாயப்பட்டறை:
கதை இல்ல தம்பி. 1958ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு இறக்குமதியாளர் மெட்ராஸ் வந்து 10,000 கஜம் கைத்தறிக் கட்டம் வாங்கி ப்ரூக்ஸ் பிரதர்ஸ்ங்கிற அமெரிக்கத் துணிக்கடைக்கு குடுத்தார். பச்சத்தண்ணில பதமா அலசணும்னு இங்க சொல்லித்தான் அனுப்புனாங்க, அந்த சேதி மட்டும் கடை வரைக்கும் போய்ச் சேரல. அங்க எல்லாரும் மிஷின்ல போட, சாயமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே களேபரம். அப்புறம் ஒரு விளம்பரம், 'சாயம் போகும்னு கேரண்டி'ன்னு. அவ்ளோதான், குறையா இருந்தது ஃபேஷன் ஆயிடுச்சு, காலேஜ் பசங்க தேடித் தேடி வாங்குனாங்க.

குறிஞ்சிப்பாடிகாரன்:
நைஜீரியாவை விட்டுட்டீங்களே. நைஜர் டெல்டால கலாபாரி ஜனங்க நம்ம கட்டத்துணியை இன்ஜிரின்னு சொல்வாங்க, சாவு வீட்டுல கட்டிலை அலங்கரிக்கிறதுகூட இதுலதான். மான்செஸ்டர் மில்லுல இதே மாதிரி நெய்து அனுப்பிப் பாத்தாங்க, ஆனா கலாபாரிக்காரங்க துணியை தடவிப் பாத்து மோந்து பாத்து இது அசல், இது போலின்னு பிரிச்சுடுவாங்களாம். அதுலயும் பொம்பளைங்க சில நூலை மட்டும் அறுத்து உருவி, நம்ம கட்டத்துலயே புது டிசைன் கொண்டு வந்துடுவாங்க, அதுக்கு பெலெட்டே பிட்டேன்னு பேரு. நெய்தவனுக்கே தோணாத டிசைன்!

தறிக்குழி:
எல்லாம் சரி, நெய்தவனுக்கு என்ன வந்துச்சு? எங்க தாத்தா குழித்தறில உக்காந்து கால் மரத்துப் போனதுதான் மிச்சம். அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நூல் குடுத்து கூலி குடுத்த முதலாளியைத்தான், துணி எந்த ஊருக்குப் போச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாது. குறையா ஃபேஷனான்னு முடிவு பண்றது வாங்குறவன், கூலியை முடிவு பண்றதும் அவன் குடுக்குற வெலதான்.

கட்டம்போட்டசட்டை:
இன்னிக்கும் ஒரு லாட் நின்னுடுச்சுங்க, நீலம் லேசா இறங்குதாம். சீனியர் சிரிச்சிக்கிட்டே நைஜீரியாவுக்கு அனுப்பிடலாமான்னு கேக்குறார்.

குறிஞ்சிப்பாடிகாரன்:
அனுப்புங்க, மோந்து பாத்துட்டு அவங்களும் திருப்பி அனுப்புவாங்க 😄