புதுப்பிப்பு: ‘ஹெரிடிட்டரி’ என்ற ஆங்கிலத் திகில் படம் பற்றிப் போன வாரம் எழுதியது

“விமர்சகர்கள் ஊதிப் பெருக்கிய படம், துளிகூட பயம் வரல” என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் மாட்டி மறுபடி பார்த்தேன். சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். (படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிடுங்கள்.)

தங்கை காரின் பின்சீட்டில் செத்துப்போகும் விபத்துக்குப் பிறகு, காரை ஓட்டிய அண்ணன் பீட்டர் பின்சீட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறான். விடிந்ததும் அம்மாவின் அலறல் மட்டும் கேட்கிறது, கேமரா அவன் முகத்திலேயே நிற்கிறது. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. கடைசியில் இருட்டு மூலையில், சுவரோடு சுவராக அம்மா ஒட்டியிருப்பதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை!

2018 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டதுமே பழைய பேய்ப்படமான ‘எக்ஸார்சிஸ்ட்’டோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்கள். ஜூனில் அமெரிக்காவில் வெளியானபோது ஆரம்பநாள் ரசிகர்கள், தியேட்டரில் பார்த்தவர்களிடம் கிரேடு கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் கொடுத்தது வெறும் டி ப்ளஸ், அதாவது மோசமான கிரேடு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பேய்ப்படம் என்று நம்பிப் போனவர்களை இயக்குநர் ஆரி ஆஸ்டர் இழவு வீட்டில் உட்கார வைத்துவிட்டார், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஆனால் அம்மாவாக நடித்த டோனி கோலெட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காததை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.