புதுப்பிப்பு: வெளித்திரை அணைந்து எரிந்த சிக்கல் தீர்ந்தது

மடிக்கணினியுடன் இணைத்த 4கே திரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருண்டு, இரண்டு நொடியில் மீண்டும் எரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னீர்கள், செய்தேன், பயனில்லை. திரையே பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பவும் அட்டைப்பெட்டியைத் தேடிவிட்டேன்.

துப்பு கிடைத்தது தற்செயலாக. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற வீதத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 30-க்குக் குறைத்ததும் இருட்டடிப்பு அறவே நின்றது. சுட்டி மட்டும் தத்தித் தத்தி நகர்ந்தது. 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப கேபிள் இணைப்புத் தரமான எச்டிஎம்ஐ 2.0-இன் நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் வேண்டும்; 30 ஹெர்ட்ஸுக்கு அதில் பாதி போதும். அப்படியானால் பாரம் தாங்காமல் திணறியது கேபிள்தான்! இழுப்பறையில் பல ஆண்டுகளாகச் சுருண்டு கிடந்த அந்தக் கேபிளை நான் ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. 18 ஜிகாபிட்டுக்குச் சான்று பெற்ற குட்டைக் கேபிளை மாற்றினேன். நான்கு நாட்களாக 60 ஹெர்ட்ஸில் ஒருமுறைகூட அணையவில்லை.

கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிந்தது வேறு கதை. கிராபிக்ஸ் அமைப்பில் வண்ண வீச்சு 'வரையறுக்கப்பட்டது' என்று இருந்தது. 'முழுமை' என மாற்றியதும் சரியாகிவிட்டது. எழுத்துகள் பொடியாக இருந்ததற்கு அளவை 150 விழுக்காடாக்கினேன்.

மடிக்கணினியை மூடினால் வெளித்திரையும் சேர்ந்து உறங்கிவிடுவது மட்டும் பாக்கி. மின் அமைப்பில் மூடியை மூடும்போது 'எதுவும் செய்யாதே' என்று வைத்திருக்கிறேன். இன்றிரவு பார்க்க வேண்டும்.