செம்மார்பு ஈப்பிடிப்பானா, டைகாவா? முதல் குளிர்காலக் குஞ்சு, அடையாளம் உறுதியாகவில்லை

இடம்: சேர்வராயன் மலை, காப்பித் தோட்ட ஓரம். செம்மார்பு ஈப்பிடிப்பானும் டைகா ஈப்பிடிப்பானும் பார்க்க ஒரேமாதிரி இருக்கும், பூச்சி தின்னும் சிறு பறவைகள்; அவற்றில் ஒன்று நவம்பர் 2ஆம் வாரத்திலிருந்து 12 நாளாக அதே 3 மரங்களைச் சுற்றியே இருக்கிறது.

சிட்டுக்குருவியை விடச் சிறிசு. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வால் அடியில் இருபுறமும் வெள்ளை. இறக்கையைத் தொங்கப்போட்டு வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. தரையில் இறங்கிப் பூச்சியைக் கொத்திக்கொண்டு உடனே கிளைக்குத் திரும்பிவிடும். பெரிய இறக்கை மறைப்புகளின் (பறக்கும் சிறகுகளின் அடியை மூடும் சிறகுகள்) நுனியில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், அதனால் இந்த ஆண்டுக் குஞ்சுதான். தொண்டையில் சிவப்பு இல்லை; இந்த வயதில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

சிக்கல் இதுதான். கீழ் அலகின் அடி வெளிறியிருக்கிறது, அது செம்மார்புக்குப் பொருந்தும். ஆனால் வாலின் மேல்மறைப்புச் சிறகுகள் (வால் தொடங்கும் இடத்தை மேலிருந்து மூடுபவை) வாலை விடக் கரிய கறுப்பு, அது டைகாவின் அடையாளம்.

பார்த்தவை: 400 மிமீ லென்ஸில் 60 படம், காலை 7 மணி வெளிச்சத்திலும் நிழலிலும். வெயிலில் எடுத்தவற்றில் அலகு பளபளத்து வெளிறலாகத் தெரிய வாய்ப்புண்டு என்று அவற்றை ஒதுக்கிவிட்டேன். நிழல் படங்களிலும் வெளிறல் இருக்கிறது, அடியில் மூன்றில் ஒரு பங்குதான். ‘டிர்ர்ர்’ குரலை போனில் பதிந்தேன். டைகாவின் குரல் எண்ண முடியாத வேகம், செம்மார்பினது மெதுவு. சில்வண்டு இரைச்சலில் வேகத்தை அளக்க முடியவில்லை.

டைகா குஞ்சுகளுக்கும் அலகின் அடி இவ்வளவு வெளிறியிருக்குமா, அப்படியானால் வால் மறைப்பின் கறுப்பை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா?