மறு: உதரவிதானக் கோளாறுகளுக்குக் 'குடலேற்றம்' வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பச்சிளம் குழந்தையின் உதரவிதானத்தில், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பில், பிறவியிலேயே துளை இருந்து, அதன் வழியே குடலும் இரைப்பையும் நெஞ்சுக்குள் போய்விடும் நிலைக்குக் 'குடலிறக்கம்' (hernia) என்ற சொல் பொருந்தாது, தமிழில் 'குடலேற்றம்' என்று வைக்கலாம் என எழுதியிருந்தீர்கள். பொருந்தாது என்பது சரிதான். இங்கே குடல் இறங்கவில்லை, ஏறுகிறது. அதற்காகக் 'குடலேற்றம்' என்று வைத்துவிட வேண்டாம். கைக்குழந்தைக்கு ஓயாமல் வாந்தியோ பேதியோ ஆனால் நம் ஊர்களில் குடலேற்றம் என்பார்கள். குடல் தட்டுபவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மருத்துவர் வாயிலிருந்தும் அதே சொல் வந்தால், மூச்சுத் திணறும் குழந்தையை எங்கே கொண்டுபோவார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

என் பரிந்துரை 'உதரவிதானத் துளைப்பிதுக்கம்'. மண்ணீரலும் கல்லீரலும்கூட மேலே போகக்கூடும் என்பதால் பெயரில் குடல் தேவையே இல்லை.

அடுத்தது, துளை இல்லாமல் தசை மட்டும் மெலிந்து மேலே உப்பி நிற்பது. விதானம் என்றால் மேற்கட்டித் துணி. முன்னதில் துணியில் ஓட்டை. இதில் நைந்த துணி காற்றுக்கு எழும்புவதுபோல. 'உதரவிதானப் புடைப்பு' எனலாம். சிகிச்சையும் வேறு. அங்கே துளையை அடைக்க வேண்டும். இங்கே மூச்சுக்குத் தொல்லை இருந்தால், தொய்ந்த தசையை மடித்துத் தைப்பார்கள்.

சிக்கல் எக்ஸ்ரே அறிக்கையில்தான். நெஞ்சில் குடல் வளையங்களின் காற்று தெரிந்து, மூக்கு வழியே இரைப்பைக்கு விட்ட குழாயும் அங்கேயே சுருண்டு கிடந்தால் துளைப்பிதுக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் பிதுங்கியவற்றின்மேல் மெல்லிய பை போர்த்தியிருந்தால் படம் புடைப்பைப் போலவே இருக்கும். சில குழந்தைகளுக்கு அறுவையின்போதுதான் உண்மை தெரியும். உதரவிதான நரம்பு செயலிழந்தாலும் அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும். அதனால் காரணத்தைச் சொல்லாமல் கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல 'உதரவிதான உயர்வு' என்று மூன்றாவது சொல் ஒன்றும் வேண்டும். இது இல்லாவிட்டால் எழுதுபவர் உறுதியாகத் தெரியாத நோயின் பெயரை எழுத நேரும்.

அப்புறம், துளை இருக்கும் இடத்தை வைத்துப் பிரிக்கும் போக்டலெக், மொர்காக்னி என்ற வகைகள். பெற்றோருக்கு அந்தப் பெயர்கள் எதையும் உணர்த்தா. 'பின்துளை', 'முன்துளை' போதும். பெரும்பாலானவை பின்துளைகள், அதுவும் இடப்பக்கம்.

'புடைப்பு' என்றால் வெளியே தெரியும் வீக்கம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. 'மேலெழும்பல்' தெளிவாக இருந்தாலும் வாயில் நிற்கவில்லை. குழந்தைநல மருத்துவர்கள் யாராவது பெற்றோரிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.