தன்வியப்பா, தற்காதலா? சீரியல் வில்லியை வைத்து ஒரு உரசல்

வணக்கம்.

தன்னை அளவுக்கு மீறிப் பெரிதாக எண்ணி, ஓயாமல் பாராட்டை எதிர்பார்க்கும் ஆளுமைக் கோளாறு நார்சிசிஸ்டிக் பெர்சனாலிட்டி டிஸார்டர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற தேடலில் இதுவரை வந்திருக்கும் சொற்கள்: தற்காதல், தன்மோகம், தன்முனைப்பு, பிம்பக்காதல். நார்சிசிசம் என்று அப்படியே எழுதிவிடலாம் என்பவர்களும் உண்டு. மூன்று சகரம் வரிசைகட்டி நிற்கும் அந்தச் சொல்லை ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர்கள் மறுபடி பேசட்டும்.

என் ஓட்டு தன்வியப்புக்கு. காரணம் சொல்லும் முன் ஒரு வில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இரவு ஓடும் சீரியலில் ஒரு மூத்த மருமகள். குடும்பத் தொழில் அவள் கையில். அவள் வாசலில் கால் வைத்தாலே பின்னணியில் மேளம் அதிரும், கேமரா மூன்று முறை முகத்துக்குப் பாயும். அம்மா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘திமிர் பிடிச்சவ’. நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த அழைப்பிதழ்க் காட்சி வரும்வரை.

வீட்டு விழாவுக்கு அச்சடித்து வந்த அழைப்பிதழில் அவள் பெயர் இரண்டாவது வரியில் இருக்கிறது. முதல் வரியில் இளைய மருமகள். எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே “பரவாயில்ல, யார் பேரு முதல்ல இருந்தா என்ன” என்கிறாள். இரவில் அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு அதே அழைப்பிதழை மடியில் வைத்து, தன் பெயரை விரல் நகத்தால் மெல்லத் தடவுகிறாள். வசனமும் இல்லை, மேளமும் இல்லை. அப்புறம் அந்த முதல் வரியை மட்டும் நேராகக் கிழித்தெடுத்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைக்கிறாள். அடுத்த நாளிலிருந்து வீட்டில் இடி. இரண்டு வாரம் ஓடியது. ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்கு!

எழுதியவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, உளப்பகுப்பாய்வாளர் ஹெய்ன்ஸ் கோஹூட் 1972இல் எழுதிய விஷயத்தைத்தான் அந்தக் காட்சி காட்டிவிட்டது. பார்ப்பவருக்கு அற்பமாகத் தெரியும் ஒரு சறுக்கல், இவர்களுக்கு உள்ளே ஆறாத காயம். அந்தக் காயத்திலிருந்து கிளம்பும் சினத்துக்கு அளவும் கிடையாது, முடிவும் கிடையாது, பழிதீர்த்தால்தான் அடங்கும். இந்தக் கோளாறின் பெயரை 1968இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது 1980இல் ஏறியது.

சொல்லை உரசிப் பார்க்க எனக்கு இருக்கும் வழி ஒன்றுதான்: தனியாக வராதே, குடும்பத்தோடு வா என்பது. மூலச்சொல் வந்தால் அதோடு காயம் வரும், சினம் வரும், வகைகள் வரும். தற்காதலை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். ‘தற்காதல் காயம்’ என்றால் காதல் தோல்வி என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘தன்மோகச் சினம்’ இன்னும் மோசம். ‘தன்வியப்புக் காயம்’, ‘தன்வியப்புச் சினம்’ இரண்டும் இடறாமல் நிற்கின்றன. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை. தன்னோடு காதல் சேர்ந்தால் னகரம் றகரமாகி தற்காதல் ஆகும், தற்கொலை, தற்பெருமை போல. வியப்பு சேர்ந்தால் தன் அப்படியே நிற்கும்.

தன்மோகத்துக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வரலாறு அதன் பக்கம். பாலியல் ஆய்வாளர் ஹேவ்லாக் எல்லிஸ் 1898இலும் உளமருத்துவர் பால் நேக்கே 1899இலும், நீரில் தன் பிம்பத்தைக் கண்டு மயங்கிய கிரேக்கக் கதை இளைஞன் நார்சிசஸின் பெயரை இழுத்தபோது, தன் உடல்மீதே ஒருவருக்கு எழும் பாலுணர்வைத்தான் குறித்தார்கள். அதற்கு மோகம் பொருந்தும். ஆனால் 1914இல் ஃபிராய்டு கட்டுரை எழுதும்போதே பொருள் விரியத் தொடங்கிவிட்டது. எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும் ஒன்றாக அவர் அதைப் பார்த்தார். ‘ஓரளவு தன்வியப்பு எல்லோருக்கும் உண்டு’ என்று எழுத முடியும். தன்மோகத்தை வைத்து அதே வாக்கியத்தை எழுதினால் படிப்பவர் நெளிவார்.

பிம்பக்காதல் அழகான சொல், மறுக்கவில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில் அந்தப் பையன் நார்சிசஸ் நீரில் தெரிவது தானே என்று அறியாமல்தான் மயங்குகிறான். அறிந்த பிறகும் விலக முடியவில்லை. கவிதைக்குக் கொடுத்துவிடலாம். மருத்துவர் சீட்டில் எழுதும் சொல் அல்ல.

தன்வியப்பு நான் கண்டுபிடித்ததல்ல என்பது அதன் பலம். ‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’ என்கிறது குறள் (439). ‘அளவறியான் தன்னை வியந்தான் விரைந்து கெடும்’ என்கிறது இன்னொன்று (474). அந்த ‘அளவறியான்’ என்ற அடைதான் எனக்கு முக்கியம். வியப்பு எல்லோருக்கும் வரும், அளவு தெரியாமல் போகும்போதுதான் கோளாறு. நன்னூல் இன்னும் நடைமுறை தெரிந்த நூல். தன்னைத் தானே புகழ்தல் தகுதியல்ல என்று சொல்லிவிட்டு, அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதில் வெல்லும்போது, எதிராளி பழிக்கும்போது என நாலு இடத்தில் புலவனுக்கு விலக்கு கொடுக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் மனப்பாடம் செய்யலாம்.

இங்கே ஒரு நண்பர் கேட்டார்: திமிர், செருக்கு, இறுமாப்பு, அகந்தை, தலைக்கனம் என்று ஏற்கெனவே ஒரு கூடை சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? அந்தக் கூடையில் இருப்பதெல்லாம் வசவு. நோயின் பெயரைச் சொல்வதும் ஆளைத் திட்டுவதும் ஒன்றாகிவிடக் கூடாது. தன்முனைப்பிலும் எனக்கு இதே தயக்கம்தான். ஈகோ என்ற பொருளில் அது ஏற்கெனவே பாதி வசவாகிவிட்டது.

சரி, எதிர்வாதம். வில்லியைத் திரும்பப் பார்த்தால் தன்வியப்பிலும் ஓட்டை தெரிகிறது. அவள் தன்னைத் தானே வியந்து நிறைவாக இருந்தால் பெயர் எந்த வரியில் வந்தால் என்ன? அவளுக்கு வேண்டியது மற்றவர் வியப்பு. கையேடு சொல்லும் ஒன்பது அடையாளங்களில் ஒன்று, ஓயாமல் பாராட்டை எதிர்பார்ப்பது. (ஒன்பதில் ஐந்து இருந்தால் போதும். நம் வில்லிக்கு ஒன்பதும் பொருந்தும்.) இந்த ஓட்டையை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கலைச்சொல் முழு இலக்கணத்தையும் சுமக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு பையனின் பெயர் மட்டும்தானே.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். ஆள் வைத்துக் கடத்துவது, பாலில் எதையோ கலப்பது, போலிப் பத்திரம் தயாரிப்பது, இவை எதுவும் அந்த ஒன்பதில் இல்லை. அவற்றுக்குச் சமூக விரோத ஆளுமை என்று வேறு கணக்கு. மாலிக்னன்ட் (கொடிய) என்ற அடையோடு உளவியலாளர் எரிக் ஃப்ரம் 1964இல் பேசினார், பின்னர் உளமருத்துவர் ஓட்டோ கெர்ன்பெர்க் அதை இரண்டும் கலந்த வடிவமாக விரிவாக்கினார். ‘கொடுந் தன்வியப்பு’ எனலாம். சீரியலைப் பார்த்தே சொல் உருவாக்கினால் இந்தக் கலவைதான் அசல் நோய் என்று பதிந்துவிடும். நிஜத்தில் இந்தக் கோளாறு உள்ள பலர் யாரையும் கடத்துவதில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து நம் யோசனையைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

பெயரின் பின்பாதிக்கு வருகிறேன். டிஸார்டருக்குச் ‘சிதைவு’ வேண்டாம். மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியாவுக்கு நிலைத்துவிட்டது, குழப்பும். ‘பிறழ்வு’ என்றால் ஒழுக்கக் கேடு வாசனை. கோளாறு போதும். ஆனால் அதை உதிர்த்துவிட்டு ‘தன்வியப்பு ஆளுமை’ என்று மட்டும் எழுதாதீர்கள். இலக்கிய ஆளுமை, அரசியல் ஆளுமை என்று நாம் எல்லோரையும் ஆளுமையாக்கி வைத்திருக்கும் காலத்தில் அது பட்டமாகிவிடும். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் ஆளுமைக் கோளாறுகளைத் தனித்தனி வகையாகப் பெயரிடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டது, கடுமையின் அளவையும் பண்புகளையும்தான் கேட்கிறது. அங்கே இந்தப் பெயரே இல்லை. இருந்தாலும் பேச்சிலும் ஆய்விலும் சொல் போகப் போவதில்லை.

மீதி இருப்பது வகைகள். இந்தக் கோளாறுக்கு ஆய்வாளர்கள் இரண்டு முகம் சொல்கிறார்கள். ஒன்று மார்தட்டும் முகம், அதற்கு ‘வீறாப்புத் தன்வியப்பு’ என்று வைத்திருக்கிறேன். மற்றது எளிதில் புண்பட்டு உள்ளே சுருங்கும் முகம். இதற்குத்தான் சொல் அமையவில்லை. ‘நொய்ம்மை’ துல்லியம், ஆனால் அரிசி நொய்யை நினைவூட்டுகிறது. ‘நொறுங்கு தன்வியப்பு’ வினைத்தொகையாக நன்றாக இருக்கிறது, சொல்லும்போது பல்லில் கடிபடுகிறது. அழைப்பிதழைத் தடவிய அந்த ஒரு நிமிடத்தில் அம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு “பாவம்டா இவ” என்றார். மறுநாள் மறுபடி திமிர் பிடிச்சவ ஆகிவிட்டாள். அந்த ஒரு நிமிட முகத்துக்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். நொறுங்கு, நொய்ம்மை இரண்டையும் விட்டுக்கொடுக்கத் தயார்.