பாதுகாப்பு அனுமதியை ரத்து செய்தது சரியா?

களியக்காவிளைக்காரன்:
என் அக்காள் மகன் திருவனந்தபுரத்தில், அரசுத் துறைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் தனியார் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக இருந்தான். தினமும் வாயிலில் கைப்பேசியை ஒப்படைத்து, எண் பொறித்த பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பத்து நாளைக்கு முன், முடியாத மூன்று வரைபடக் கோப்புகளை வீட்டில் இருந்து முடித்துவிடலாம் என்று தன் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டான். மறுநாளே, ரகசியக் கோப்புகளைக் கையாள அவனுக்கு இருந்த பாதுகாப்பு அனுமதி ரத்து என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காசுக்கு விற்றவனுக்கும் வேலைப்பளுவில் தவறியவனுக்கும் ஒரே தண்டனையா? ராக்கெட் ரகசியங்களை விற்றதாக 1994-இல் கைதான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் மீதான புகார் பொய் என்று சிபிஐ 1996-இல் சொன்ன பிறகும், 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுத் தீர்ப்பு வர 2018 ஆனதே!

பாறசாலை ஆவணக் காப்பாளர் (ஓய்வு):
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது; ஆனால் ஒப்பீடு பொருந்தாது. அவர் செய்யாத குற்றத்துக்குச் சிறை போனார். உங்கள் பையனோ அனுப்பியதை ஒப்புக்கொள்கிறான். கோப்பு வெளியே போய்விட்டால் எத்தனை நகல் எங்கே கிடக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பதிவேட்டில் கையெழுத்திடாமல் ஒரே ஒரு தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தவரை நாங்கள் அன்றே வேறு பிரிவுக்கு மாற்றினோம். எண்ணம் நல்லதா என்பதை விசாரணை பார்க்கட்டும். அதுவரை ரகசியக் கோப்பு அவன் கைக்கு வரக் கூடாது.

குழித்துறை வழக்குரைஞர்:
ரத்தை நான் குறை சொல்லவில்லை, ஐயா. காரணத்தை எழுத்தில் தராததே தவறு. மலையாளச் செய்தித் தொலைக்காட்சியான மீடியாஒன்னுக்கு, ஒளிபரப்பு உரிமத்தைப் புதுப்பிக்கத் தேவையான பாதுகாப்பு அனுமதியை மறுத்த உள்துறை அமைச்சகம், காரணத்தை மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் காட்டியது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

பாறசாலை ஆவணக் காப்பாளர் (ஓய்வு):
அது அரசின் ஆணை. தனியார் ஊழியனுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கைகொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. இருந்தாலும் காரணம் கேட்பது நியாயம்தான். கேட்கும்போதே, மின்னஞ்சல் கணக்கைச் சோதித்துக்கொள்ளலாம் என்று அவனே எழுதிக் கொடுக்கட்டும். எதையும் அழிக்க வேண்டாம்; அழித்தால் மறைத்தான் என்றே எழுதுவார்கள்.

களியக்காவிளைக்காரன்:
பயத்தில் அன்றிரவே அழித்துவிட்டான், ஐயா. ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்குமாம். நாள் தீருமுன், திங்கட்கிழமையே மனுவோடு இருவரும் போகிறோம்.