இருட்டில் குறி பார்க்க: கைக்கு எட்டும் விலையில் நைட் விஷன், தெர்மல்

உடல் சூட்டைப் படமாக்கும் தெர்மல் கருவியின் பெட்டிமேல் “1200 மீட்டர்” என்று அச்சடித்திருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். அது “அங்கே ஏதோ சூடாக இருக்கிறது” என்று தெரியும் தூரம், அவ்வளவுதான். பெரும்பாலும் 1.8 மீட்டர் உயர ஆளை நிறுத்திப் போட்ட கணக்கு. விசையை இழுக்கப் போகிறவருக்கு வேண்டியது வேறு: அது பன்றியா, கன்றுக்குட்டியா, குனிந்திருக்கும் மனிதரா என்று சந்தேகமறத் தெரியும் தூரம். அதை வாங்குமுன் வீட்டிலேயே கணக்கிடலாம்.

தெர்மல் சென்சாரின் பிக்சல் அளவை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். இப்போது வருபவை பெரும்பாலும் 12 மைக்ரான், பழையவை 17. 12 மைக்ரானுக்கு 25 மி.மீ. லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 4.8 செ.மீ.யை மூடும். 70 செ.மீ. உயரப் பன்றி அங்கே 14 பிக்சல் உயரம் தெரியும். 200 மீட்டரில் 7. 500 மீட்டரில் மூன்றுகூடத் தேறாது. 1958இல் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலை பிக்சலில் சொன்னால், ஏதோ இருப்பதை அறிய 2, என்ன வகை என்று பிரிக்க 6 முதல் 8, இன்னதுதான் என்று உறுதி செய்ய 12, 13 வேண்டும். ஆக இந்தக் கருவியை நம்பிச் சுடக்கூடிய தூரம் 100 மீட்டர்தான். 35 மி.மீ. லென்ஸ் போட்டால் 150 வரை போகலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று. லென்ஸும் பிக்சல் அளவும் மாறாதவரை 256 சென்சாரும் 640 சென்சாரும் (எண், அகலவாக்கில் உள்ள பிக்சல்கள்) ஒரே நுணுக்கத்தைத்தான் காட்டும். கூடுவது பார்வைப் பரப்பு மட்டும். 35 மி.மீ. லென்ஸில் 100 மீட்டர் தூரத்தில் 384 சென்சார் 13.2 மீட்டர் அகலம் காட்டும், 256 சென்சார் 8.8 மீட்டர். ஓடும் விலங்கை ஒன்பது மீட்டருக்குள் பிடித்து வைப்பது பெரும்பாடு. டிஜிட்டல் ஜூம் இருக்கிறதே என்பார்கள். அது இருக்கும் பிக்சலைப் பெரிதாக்குமே தவிர புதிதாக ஒன்றும் தராது.

* * *

மேலே சொன்ன கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் இறுக்கம் என்றால் தெர்மல் ஸ்கோப் (துப்பாக்கியில் ஏற்றும் குறிநோக்கி) வாங்காதீர்கள். கையில் பிடிக்கும் சின்ன தெர்மல் ஒன்று தேட, டிஜிட்டல் நைட் விஷன் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமரா) ஒன்று சுட. இதுதான் கொடுத்த காசுக்குக் கூடுதலாகத் தரும் ஜோடி. தெர்மலில் புல்லுக்குள் நிற்கும் உடம்பு உடனே பளிச்சென்று தெரியும்; ஆனால் முன்னால் இருக்கும் முள்கம்பியும் சுள்ளியும் சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருப்பதால் தெரியாது, குண்டு அதில் பட்டுத் திசை மாறும். டிஜிட்டலில் கொம்பு, காது, வால், பின்னணி எல்லாம் புகைப்படம் போல விழும். இன்னொன்று, துப்பாக்கியில் ஏற்றிய ஸ்கோப்பால் தேடுவது என்றால் எதிரே வரும் ஒவ்வொன்றின்மீதும் குழலை நீட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். தேடுவதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கையடக்கத் தெர்மலில் பார்க்க வேண்டியது இரண்டு. என்இடிடி, அதாவது கருவி பிரித்தறியும் மிகச் சிறிய வெப்ப வித்தியாசம், 25 மில்லிகெல்வினுக்குக் கீழே இருந்தால் ஈரக்காற்றிலும் படம் நிற்கும். 40க்கு மேல் போனால் மழை பெய்து ஓய்ந்த இரவில் எல்லாம் ஒரே சாம்பல். அடுத்தது ஃபிரேம் ரேட், நொடிக்கு எத்தனை படம் என்பது. 9 ஹெர்ட்ஸ் என்றால் கையை நகர்த்தும்போதெல்லாம் படம் தத்தித் தத்தி வரும். 25க்குக் குறையாமல் பாருங்கள். நடுநடுவே ‘டிக்’கென்று சத்தம் வந்து படம் ஒரு நொடி உறைந்தால் பயப்பட வேண்டாம், ஷட்டர் மூடிச் சென்சாரைச் சமன் செய்துகொள்கிறது. வண்டிக் கண்ணாடி வழியாகத் தெர்மல் தெரியாது. கண்ணாடியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

* * *

டிஜிட்டலில் பாதிப் பேர் சென்சாருக்குக் காசு கொட்டிவிட்டு ஐஆர் (அகச்சிவப்பு) டார்ச்சில் கஞ்சத்தனம் செய்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கூடவே வரும் டார்ச் பெரும்பாலும் கிட்டத்தில் உள்ள செடியை வெளுப்பாக்கும், தூரத்துக்குப் போகாது. ஒளிக்கற்றையைக் குறுக்க முடிகிற, தனியாகத் திருப்பி ஒழுங்கு செய்யக்கூடிய 850 நானோமீட்டர் டார்ச்தான் சரி. 850இல் டார்ச்சின் முகத்தை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். அதிகம் வேட்டையாடப்படும் இடத்து விலங்குகள் அதைக் கண்டு நகர்ந்துவிடுவதுண்டு. 940இல் அது தெரியாது, ஆனால் சிலிக்கான் சென்சாரின் உணர்திறன் அங்கே நன்றாகச் சரிந்துவிடும், எட்டும் தூரமும் சுருங்கும்.

படம் திடீரென இருண்டால் முதலில் பார்க்க வேண்டியது குழலுக்கு முன் நீட்டிக்கொண்டிருக்கும் இலையை. ஐஆர் அதில் பட்டுத் திரும்பி, தானியங்கி எக்ஸ்போஷர் மொத்தப் படத்தையும் இறக்கிவிடும். மூடுபனியிலும் தூசியிலும் இதே கதைதான், வெள்ளைச் சுவர் எழும்பும். டார்ச்சின் சக்தியைக் கூட்டினால் சுவர் இன்னும் தடிக்கும். குறைத்து, கற்றையைச் சுருக்கி, லென்ஸிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பொருத்துங்கள்.

இருக்கும் பகல் ஸ்கோப்பின் பின்னால் மாட்டும் டிஜிட்டல் கேமரா வகைதான் கைவசம் துப்பாக்கியும் நல்ல ஸ்கோப்பும் உள்ளவருக்கு மலிவு. குறி பகல் ஸ்கோப்பின் ரெட்டிகிள்தான் (உள்ளே தெரியும் குறிக்கோடு) என்பதால் ஜீரோ, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி செய்த அமைப்பு, மாறாது. ஐபீஸின் (கண் வைக்கும் முனையின்) வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து அடாப்டர் வாங்குங்கள், அரை மி.மீ. தளர்ந்தால் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் போதும். ஜூமை 4, 5க்கு இறக்கிவிட்டு, முதலில் ரெட்டிகிள் கூர்மையாகும்வரை கருவியின் ஃபோகஸ், பிறகு இலக்கு கூர்மையாகும்வரை ஸ்கோப்பின் சைடு ஃபோகஸ் (பக்கவாட்டில் உள்ள திருகு). இந்த வரிசை மாறினால் இரண்டுமே மங்கலாக நிற்கும். சைடு ஃபோகஸ் இல்லாத ஸ்கோப்பில் 30 மீட்டர் இலக்கு தெளியாது. நம் கண் சமாளித்துக்கொள்ளும், கேமரா அப்படிச் செய்யாது. தலையும் பின்னுக்குப் போகும், ஸ்டாக்கில் கன்னம் வைக்கும் இடம் மாறும். இதைப் பகலில் பழகிக்கொள்ளுங்கள்.

பகல் ஸ்கோப்பின் முன்னால் மாட்டும் வகை வேறு சங்கதி. ஒளியச்சு கொஞ்சம் விலகினாலும் குண்டு விழும் இடம் நகரும். ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் 100 மீட்டரில் சுட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

* * *

பழைய ஜென் 1 (இருக்கும் சிறு ஒளியைப் பெருக்கிக் காட்டும் முதல் தலைமுறை) குழாய் ஸ்கோப் மலிவாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஓரங்களில் படம் வளையும், நிலவில்லாத இரவில் ஐஆர் இல்லாமல் ஒன்றும் தெரியாது, பகல் வெளிச்சத்தில் மூடியில்லாமல் ஓடினால் குழாய் கருகும். இதே காசுக்கு இன்றைய டிஜிட்டல் எவ்வளவோ மேல். ஜென் 3 நல்ல சாமான்தான், ஆனால் அது இந்தப் பட்ஜெட்டில் இல்லை. அமெரிக்கத் தயாரிப்புகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் ஏற்றுபவர்கள் கவனம். பிஸ்டன் முன்சுவரில் மோதும்போது துப்பாக்கி முன்பக்கமும் உதறும். பின்னுதைப்புக்கு மட்டும் கட்டிய ஸ்கோப் சில நூறு சுடலில் உள்ளே கழன்றுவிடும். கையேட்டில் ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். முன்பே காற்றை அழுத்தி நிரப்பிவைக்கும் பிசிபி ரைஃபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஜீரோ செய்யும் அட்டையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல இங்க்ஜெட் கறுப்பு மைகள் ஐஆரில் மறைந்துபோகும், இலக்கு வெற்றுத்தாளாகத் தெரியும். லேசர் பிரிண்டர் டோனரில் கரி இருப்பதால் கறுப்பாகவே நிற்கும். தெர்மலுக்கு அட்டையில் 2 செ.மீ. சதுர அலுமினிய டேப்பை ஒட்டி, மேல்விளிம்பு பின்னால் சாய வையுங்கள். அது தெளிந்த வானத்தின் குளிரைப் பிரதிபலித்து, சுற்றியுள்ள அட்டையைவிடக் குளிர்ந்த புள்ளியாகத் தெரியும். மேகம் மூடிய இரவில் இது எடுபடாது. கை சூடாக்கும் பாக்கெட்டைப் பின்னால் ஒட்ட வேண்டியதுதான்.

* * *

பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். இக்கருவிகள் பலவற்றில் போடும் 18650 லித்தியம் பேட்டரியில் 9900 எம்ஏஎச் (கொள்ளளவு) என்று எழுதியிருந்தால் போலி. நல்லது 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். பாதுகாப்புச் சுற்று வைத்தவை சில மி.மீ. நீளம் கூடுதல், சில கருவிகளில் மூடி திருகாது. குளிரில் திறன் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் வையுங்கள், வெளிப்பையில் வேண்டாம்.

சட்டம்: துப்பாக்கியில் நைட் விஷன் ஏற்றுவதே பல நாடுகளில் குற்றம், கையில் பிடித்துப் பார்க்கத் தடையில்லாத இடத்திலும்கூட. இரவு வேட்டை சில இடங்களில் குறிப்பிட்ட விலங்குக்கு மட்டும், உரிமத்தோடு. காசு கொடுக்கும் முன்பு இதைக் கேட்டுவிடுங்கள். அனுமதி இருக்கும் இடத்திலும், ஐஆரில் மின்னும் இரண்டு கண் இலக்கு ஆகாது. ஆட்டுக்கும் நாய்க்கும் அப்படித்தான் மின்னும். முழு உடலும் அதன் பின்னால் மண்மேடும் தெரியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.